பாய்வண்டி: மடக்குவதா, கட்டுவதா, பட்டத்தில் இழுப்பதா?

எஞ்சின் கிடையாது. மூன்று சக்கரம், ஓர் இருக்கை, ஒரு பாய், அந்தப் பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. காற்று இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இந்தப் பாய்வண்டியைப் பற்றி நம் ஆள்களிடம் பேச்செடுத்தால் உடனே யாராவது ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். 2022 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் கேர்ட்னர் உப்பேரியில் கிளென் ஆஷ்பி ஓட்டிய ‘ஹொரோனுக்கு’ மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டிய வீடியோ. அன்றைக்கு அங்கே காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில்தான் வீசியது. வண்டி அதைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் போயிருக்கிறது. பார்த்த யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

சரி, ஆசைப்படலாம். ஆனால் நாம் இருப்பது கோலாலம்பூரில். நாலு குடும்பம் சேர்ந்து காசு போட்டு ஒரு வண்டி வாங்கலாம் என்று பேசிவருகிறோம். ஒருவர் செத்தாபாக்கில் பதினேழாவது மாடிக் கோண்டோவில் இருக்கிறார். ஒருவருக்குக் கிள்ளானில் தரைவீடு, முன்னால் காடி நிறுத்த இரண்டு இடம். இன்னொருவர் பினாங்குக்கு மாற்றலாகிப் போகப் போகிறார். வண்டியை யார் எங்கே வைத்துக்கொள்வது, எதில் ஏற்றிக்கொண்டு போவது, எங்கே ஓட்டுவது என்ற கேள்விகளைக் கேட்காமல் ‘எது வேகம்?’ என்று மட்டும் கேட்டால் வாங்கிய வண்டி வீட்டு வராந்தாவில்தான் கிடக்கும். அதனால் நான் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். முதலில் காற்று, அடுத்துத் தரை, வண்டி கடைசியில்.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. நியூசிலாந்தில் செய்யப்படும் மடக்குவண்டியான புளோகார்ட் ஒன்று. பட்டறையில் குழாய் வெட்டி ஒட்டி நாமே கட்டும் சிறு வண்டி இரண்டாவது. மூன்றாவது கைட் பக்கி, அதாவது பாய்க்குப் பதிலாகப் பெரிய பட்டம் இழுக்கும் வண்டி. நாலாவதாக ஐரோப்பியக் கடற்கரைகளில் ஓடும் பந்தய வண்டிகள் இருக்கின்றன. அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம்: மூன்றாம் வகுப்பு வண்டியில் பாய் மட்டும் 7.35 சதுர மீட்டர், எடை நூறு கிலோவைத் தாண்டும், இழுத்துப் போக டிரெய்லர் வேண்டும். பெல்ஜியத்து டி பான் கடற்கரையில் 1898இல் டுமோன் சகோதரர்கள் இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்ததிலிருந்து அவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கெட்டி மணல் இருக்கிறது. நமக்கு இல்லை.

காற்று எவ்வளவு இருக்கிறது?

கோலாலம்பூரின் காற்று பலவீனமானது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே நீரிணைக்கு அப்பால் சுமாத்ரா. வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று இரண்டுமே நம்மிடம் வந்து சேரும்போது பாதி செத்துத்தான் வருகின்றன. கெப்போங் ஏரிப் பூங்காவில் பட்டம் விடுகிற அங்கிள்களைப் பாருங்கள், காற்று எழும்புவதற்காக நூலைக் கையில் வைத்துக்கொண்டு அரட்டையடித்தபடி காத்திருப்பார்கள். லேசான பட்டத்துக்கே அந்த நிலை என்றால் ஆளை ஏற்றிய வண்டிக்கு?

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகிவிடும். வண்டியும் ஆளும் சேர்ந்து சுமார் நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை நல்ல தார்த் தரையில் உருட்ட ஏறக்குறைய 2 கிலோ இழுவை போதும். ஈரமான கெட்டி மணலில் 5 கிலோ வேண்டும். காய்ந்து இளகிய மணல் என்றால் 20 கிலோ. இனி பாய்ப் பக்கம் வருவோம். காற்று மணிக்கு 10 கிலோமீட்டரில் வீசும்போது 5.5 சதுர மீட்டர் பாய் தருவது சுமார் 3 கிலோ விசை. 15 கிலோமீட்டரில் அதே பாய் 7 கிலோ தரும். காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆக, நகரத்துச் சோம்பல் காற்றில் தார்த் தரையில் வண்டி மெல்ல நகரும், மணலில் அசையாது. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று கிடைத்தால் கெட்டி மணலில் ஓடும். இளகிய மணலில் அந்தக் காற்றுக்கும் அசையாது.

நகரத் தொடங்கிவிட்டால் கதை மாறும். ஓடும் வண்டி தன் வேகத்தாலேயே எதிர்க்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது, அது வீசும் காற்றோடு சேர்ந்து பாயில் படுகிறது. சக்கரம் பக்கவாட்டில் சறுக்காமல் பிடித்துக்கொள்வதால் அந்த விசை வண்டியை முன்னால்தான் தள்ளும். காற்றைவிட வேகமாக ஓட முடிவது இதனால்தான். அதாவது முதல் தள்ளலில்தான் சிரமம். லேசான காற்றில் பின்னாலிருந்து ஒருவர் நாலு அடி ஓடித் தள்ளிவிட்டால், அதுவரை செத்துக் கிடந்த பாய் சட்டென்று விறைத்து நிற்கும். குடும்பத்தோடு போவதில் இப்படி ஒரு லாபம்.

இதிலிருந்து முதல் முடிவு வந்துவிடுகிறது: நம் வட்டாரத்துக்குப் பெரிய பாய் வேண்டும், கெட்டித் தரை வேண்டும். இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுத்தாலும் காசு வீண்.

தரை எங்கே?

புக்கிட் ஜாலில் ஸ்டேடியம் மாதிரி பெரிய கார்ப் பார்க்குகள்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தாரில் நன்றாக உருளும், பக்கத்திலேயே சாப்பாடு. ஆனால் விளக்குக் கம்பங்களும் சிமெண்ட் திண்டுகளும் இருக்கும், சுற்றியுள்ள கட்டடங்களால் காற்று சுழன்று சுழன்று வரும். பாய்வண்டிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. கயிற்றை விட்டுவிட்டு, காற்றை நோக்கித் திரும்பி நிற்பதுதான் நிறுத்தும் முறை. திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்றில் அதை நம்பிக் கம்பத்தை நோக்கிப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. போதாததற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், எங்கே போனாலும் ஒரு செக்யூரிட்டி வந்து நிற்பார். கயிறு பிடிக்கப் பழகவும், புதிதாகச் செய்த வண்டியின் சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பார்க்கவும் இது போதும். ஒரு விளையாட்டாக அங்கே தொடர்ந்து ஓட்ட முடியாது.

அடுத்தது சிலாங்கூர்க் கடற்கரைகளான மோரிப், பாகான் லாலாங் பக்கம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வற்றத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, கண்ணுக்கு எட்டும்வரை தட்டையாகக் கிடக்கும். பார்த்தவுடன் ‘இதோ நம் டி பான்’ என்று தோன்றும். ஆனால் மோரிப்புக்கு ஒரு பழைய கதை உண்டு. 1945 செப்டம்பர் 9 அன்று, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷாரின் ‘சிப்பர்’ நடவடிக்கையில் இந்தியப் படைப்பிரிவுகள் இந்தக் கரையில்தான் இறங்கின. எதிர்த்துச் சுட யாருமில்லை. அப்படியும் லோரிகளும் மற்ற வாகனங்களும் மணலிலும் சேற்றிலும் புதைந்து நின்றன. சண்டை நடந்திருந்தால் பெரிய சேதமாகியிருக்கும் என்று பிறகு எழுதினார்கள். கடற்கரையில் அந்த இறக்கத்துக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. தரையைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் தரையைக் காலால் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை ஊன்றி நடங்கள். குதிகால் பதிந்த இடத்தில் நீர் விலகி மணல் வெளுத்து, காலை எடுத்ததும் மீண்டும் ஈரமானால் அது கெட்டி. குதிகால் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளின் சைக்கிள் ஒன்றைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. டயர் தடம் நகத்தளவு ஆழத்தில் கோடாகத் தெரிந்தால் வண்டி ஓடும், மிதிக்க மிதிக்க சைக்கிள் முனகினால் ஓடாது. பொதுவாக மேலே காய்ந்த மணல் இளகலாக இருக்கும், நடுவில் ஒரு பட்டை கெட்டியாக இருக்கும், அதற்கு அப்பால் நீர் பக்கம் போகப் போகச் சாம்பல் நிறச் சேறு. நமக்கு அந்த நடுப்பட்டைதான். அகலம் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும்.

நேரக் கணக்கும் உண்டு. கடற்காற்று நண்பகலுக்குப் பிறகுதான் எழும்பும். வற்றமோ தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இரண்டும் பிற்பகலில் சேர வேண்டும். வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டி இதற்கு உதவும். சிலாங்கூர் கரையில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாள்களில் கடல் நன்றாக வற்றும், அதுவும் நண்பகல் வாக்கில். கோலசிலாங்கூர்ப் பக்கம் சாசாரான் மணல்திட்டு தலைகாட்டுவதும் அந்த நாள்களில்தான். இரண்டு மூன்று நாள் கழித்து வற்றம் பிற்பகலுக்கு நகர்ந்துவிடும், காற்றும் அப்போதுதான் வரும். நாள்காட்டியில் உத்தேசமாக நாளைக் குறித்துக்கொண்டு, கிளம்பும் முன் போர்ட் கிள்ளான் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வது முறை. அது சனி ஞாயிறாகவும் அமைவது மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். அந்த நாளிலும் மூன்று மணிக்கு இடி உறுமத் தொடங்கிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே மின்னல் அதிகம் விழும் வட்டாரங்களில் ஒன்று. வெட்டவெளியில் நாலு மீட்டர் உயரப் பாய்மரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரைவிட மின்னலுக்கு வசதியான ஆள் கிடைக்க மாட்டார்.

மூன்றாவது இடம் கிழக்குக் கரை. குவாந்தானுக்கு அருகே பாலோக், அதைத் தாண்டினால் செராத்திங். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராக வந்து மோதும். பாலோக்கில் அந்தக் காலத்தில் விண்ட்சர்ஃபிங்காரர்களும் கைட் சர்ஃபிங்காரர்களும் கூடுவது சும்மா இல்லை. கோலாலம்பூரிலிருந்து காராக் வழியாக இருநூற்றைம்பது கிலோமீட்டர் வாக்கில் வரும். டிசம்பர் மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள், மழையும் வெள்ளமும் சாலையையே மறிக்கும், அலை கரையைத் தின்றுகொண்டிருக்கும். தைப்பூசம் முடிந்து மழை ஓய்ந்த பிறகும் காற்று மிச்சமிருக்கும் சில வாரங்கள்தான் நம் பருவம். அப்போது அங்கே 5.5 பாய் தேவைப்படாது, நாலோ மூன்றோ போதும்.

பினாங்குக்குப் போகிறவருக்கு என்ன சொல்வது? தீவில் எனக்கு நம்பிக்கையில்லை. பத்து பெரிங்கியில் மணல் இருக்கிறது, ஆனால் பாராசெய்லிங், ஜெட் ஸ்கி, குதிரைச் சவாரி, சுற்றுப்பயணிகள் எல்லாம் அதே மணலில்தான். கர்னி பக்கம் வற்றத்தில் தெரிவது சேறு. இரண்டாவது பாலத்தைத் தாண்டி பத்து காவான் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள வெளியில் அனுமதி கிடைத்தால் தார்த் தரையில் ஓட்டலாம். அவ்வளவுதான். பினாங்கில் ஓட்டுவதற்கென்று மட்டும் வண்டி வாங்காதீர்கள் என்றே அவரிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

இனி வண்டி

புளோகார்டை 1999இல் நியூசிலாந்தில் உருவாக்கியவர் பால் பெக்கெட். இருக்கை, அச்சு, சக்கரம், பாய்மரம் எல்லாம் கழன்று ஒரு பைக்குள் போய்விடும். மொத்த எடை முப்பது கிலோவுக்குள்தான். கருவி எதுவும் இல்லாமல் சில நிமிடங்களில் பூட்டலாம். பாய் 2, 3, 4, 5.5 சதுர மீட்டர் என்று நான்கு அளவில் வரும், காற்றுக்கும் ஆளின் எடைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு கையில் ஸ்டீயரிங் பிடி, மறு கையில் பாய்க்கயிறு. காலுக்கு வேலையே இல்லை. விலைதான் இடிக்கும். புதிதாக எடுத்தால் ஒரு புதுக் கப்சாய் மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும், அதோடு கப்பல் கூலியும் வரியும். உதிரிப் பாகத்துக்கும் நியூசிலாந்தையே எட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டும் வண்டிக்கு உலகமெங்கும் ஓர் எளிய விதி உண்டு. மூன்று சக்கரத்தையும் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டால் அதன் நீளம் 5.60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சக்கரம் தள்ளுவண்டிச் சக்கர அளவு. இந்தச் சிறு வண்டி வகுப்பு ஐரோப்பாவில் பந்தயமாகவே ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் லெஃப்ராய் ஏரியில் பாய்வண்டி ஓட்டுகிறவர்கள் இரும்புக் குழாயில் செய்த சிறு வண்டியைப் பார்த்து உலகெங்கும் வீட்டில் கட்டுகிறார்கள். பொருள் எல்லாம் இங்கேயே கிடைக்கும்: ஹார்ட்வேர் கடையில் தள்ளுவண்டிச் சக்கரம், இரும்புக் கடையில் குழாய், பாய்க்கு யாராவது ஒதுக்கிவைத்த பழைய விண்ட்சர்ஃபிங் பாயும் அதன் மரமும்.

கிள்ளானில் ஒரு பட்டறை அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். லோரிக்குக் கேட் செய்கிறவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதிலே என்னப்பா இருக்கு, ஒரு நாள் வேலை. ஆனா சக்கரத்துக்குள்ள இருக்கிற புஷ்ஷைத் தூக்கி எறிஞ்சிரு” என்றார்.

“ஏண்ணே?”

“அது சிமெண்ட் தள்ளுறதுக்குப் போட்டது. மெதுவா உருளத்தான் லாயக்கு. உப்புத்தண்ணியும் மணலும் ஏறுச்சுன்னா ரெண்டு ட்ரிப்பிலே அரைச்சுத் தின்னுரும். 6004 பேரிங், ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது வாங்கிட்டு வா. இருபது மில்லி அச்சுக்குச் சரியா இருக்கும்.”

மேசையில் கிடந்த ஒரு பேரிங்கை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினார். அது நிற்கும்வரை இருவரும் பேசவில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: பின்னச்சு நடுவில்தான் முழு எடையும் வளைக்கும், குழாயை மெல்லிசாகப் போடாதே, பாய்மரம் நிற்கும் குவளையின் அடியில் முக்கோணத் தகடு வைத்து ஒட்டு. பாய் பார்க்காத மனிதர், விசை எங்கே இறங்கும் என்று படத்திலேயே பார்த்துவிட்டார்.

கட்டும் வண்டியின் செலவு புளோகார்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. உடைந்தால் அதே பட்டறை. ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, இது மடங்காது. பின்னச்சைக் கழற்றும்படி செய்யலாம், அப்படியும் நடுக்குழாய் நீளமாக நிற்கும், மைவி மாதிரிச் சின்னக் காரின் பின்பக்கம் ஏறாது. பதினேழாவது மாடி லிஃப்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹைலக்ஸோ வேனோ வைத்திருப்பவருக்குத்தான் இது. இரண்டாவது சங்கடத்தை யாரும் முதலில் யோசிப்பதில்லை. இந்த வண்டிகளைத் திருப்புவது காலால். முன்சக்கரத்தோடு இணைந்த மிதியை இரு காலாலும் தள்ள வேண்டும். அதனால் இருக்கைக்கும் மிதிக்கும் உள்ள தூரம் ஓட்டுபவரின் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் வண்டி என்றால் அதுவே சுகம், இரு கையும் கயிற்றுக்கு மிச்சம். நாலு குடும்பம், அதில் ஆறடி அண்ணனும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் மாறி மாறி ஏறினால் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரை எடுக்க வேண்டும். வற்றம் இருப்பதோ மூன்று மணி நேரம்.

கைட் பக்கி ஆசை காட்டும். 1990 வாக்கில் நியூசிலாந்தின் பீட்டர் லின் இதைப் பரவச் செய்தார். வண்டி சின்னது, பட்டம் ஒரு முதுகுப்பையில் அடங்கும், விலையும் புளோகார்டைவிடக் குறைவாக அமையலாம். காற்று குறைந்த இடத்துக்கு இதுதான் சரி என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. பட்டம் பாயைவிட உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று தரையைவிடக் கூடுதல். அதோடு பட்டத்தை எட்டு வடிவில் வீசி ஓட்டும்போது அது தானே காற்றைக் கிழித்துப் போவதால் அதன் இழுவை பல மடங்காகும். நாம் மேலே போட்ட 3 கிலோ, 7 கிலோ கணக்கெல்லாம் பட்டத்துக்குப் பொருந்தாது.

பிறகு ஏன் எனக்கு இது வேண்டாம்? பாய்வண்டியில் பயம் வந்தால் கயிற்றை விட்டால் போதும், பாய் கொடி மாதிரி படபடக்கும், வண்டி நின்றுவிடும். பட்டத்தில் அப்படிக் கண நேரத்தில் எல்லாம் அடங்காது. காற்று திடீரென எழும்பினால் ஆளை இருக்கையோடு தூக்கும். நம் மேற்குக் கரையில் ‘சுமாத்ரா’ என்று சொல்லும் விடியற்காலைப் புயல் வரிசையும், பிற்பகல் இடிமழைக்கு முன்னால் வரும் குளிர்ந்த அடிகாற்றும் அப்படித்தான், பத்து கிலோமீட்டர் காற்று சில நிமிடத்தில் ஐம்பது அறுபதாகிவிடும். அப்புறம் கம்பி. கடற்கரைச் சாலையோரம் மின்கம்பி ஓடாத இடத்தை நம் கரையில் தேட வேண்டும். பாகான் லாலாங் என்றால் கே.எல்.ஐ.ஏ. பக்கத்து வட்டாரம், விமான நிலையத்தை ஒட்டிப் பட்டம் ஏற்றுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது மீட்டர் நீளத்தில் விறைத்த நூல் நாலு தரையை ஒட்டித் துடைத்துக்கொண்டு போகும் இடத்தில் பிக்னிக் வந்த குடும்பங்கள் மட்டி பொறுக்கிக்கொண்டிருக்கும். பழகியவர் கையில் அழகான விளையாட்டு, மறுக்கவில்லை. நாலு குடும்பம் முறைபோட்டுக் கற்றுக்கொள்ளும் பொருள் அல்ல.

அப்படியானால் எது?

எங்கள் நாலு குடும்பத்துக்கு நான் சொன்னது: பழைய புளோகார்ட் ஒன்று, 5.5 பாயோடு. வேகத்துக்காக இல்லை. நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லாததால் வண்டி இடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்த மாதம் பாகான் லாலாங், தை கழிந்தால் பாலோக், நடுவில் பினாங்குக்காரர் வந்து பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனாலும் போகலாம். பையில் அடங்கும் வண்டிதான் அதற்கு ஒத்துவரும். இன்னொரு காரணத்தையும் கூட்டத்தில் சொன்னேன். எங்களில் ஒருவரின் மாமா சர்க்கரை வியாதியால் ஒரு காலை இழந்தவர், தோட்டத்தில் லோரி ஓட்டியவர், இன்றைக்கும் ஸ்டீயரிங்கைப் பார்த்தால் கண் மின்னும். கையாலேயே திருப்பி, கையாலேயே நிறுத்தும் வண்டியில் அவரும் எங்களுக்குச் சமமாக ஓட்டலாம். நடக்க முடியாத பலரும் புளோகார்டில் பந்தயமே ஓட்டுகிறார்கள். மாமாவின் பெயரைச் சொன்னதும் விலையைப் பற்றி முனகிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் கூட்டில் சேராத கிள்ளான் நண்பர் ஒருவர் தனியாகத்தான் ஓட்டப்போகிறார், வேன் இருக்கிறது, பட்டறை பக்கத்துத் தெரு. அவர் கட்டிக்கொள்ளட்டும். தன் காலுக்கு அளவெடுத்த வண்டி, உடைந்தால் மறுநாளே ஒட்டிவிடலாம் என்ற தைரியம், அது தனிச் சுகம். இரண்டு வண்டி இருந்தால் யார் முந்துவது என்ற போட்டியும் வந்துவிடும், ஒற்றை வண்டி நாலாவது வாரத்தில் அலுத்துப்போகும் என்று எனக்குப் படுகிறது. பாலோக் பக்கமே குடியிருந்து, ஏற்கெனவே கைட் சர்ஃபிங் தெரிந்தவராக இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அவர் கைட் பக்கியை எடுக்கலாம், பட்டம் கையில் இருக்கிறது, வண்டி மட்டும்தான் செலவு.

பழைய புளோகார்ட் பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காதை வையுங்கள், மணல் சத்தம் கேட்டால் பேரிங் செலவை விலையில் கழியுங்கள். பாய்மரம் துண்டு துண்டாகச் செருகுவது, செருகும் வாயில் விரல் ஓட்டிப் பார்த்தால் வெடிப்பு நகத்தில் இடறும். பாயைத் தரையில் விரித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள், தையல் ஓரம் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரிந்தால் துணி போய்விட்டது. பெரிய பாய்க்கு மரம் கூடுதல் நீளம் வேண்டும், விற்பவர் 3 சதுர மீட்டர் பாயோடு ஓட்டியவராக இருந்தால் அந்தக் கூடுதல் துண்டு அவரிடம் இருக்காது. காசு கொடுக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். ஹெல்மெட், கையுறை, கண்ணாடி மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள். கடல் நீர் பட்ட வண்டியை அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். கோண்டோவில் அதற்கு இடம் இல்லாததால் அந்த வேலையைக் கிள்ளான் வீட்டுக்குத் தள்ளியிருக்கிறோம், அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.